ஒரே டவரா

நான்கு வருடங்களுக்கு முன் இதே மாளிகையில் சமையல்காரி கோமளவல்லி காபி கொண்டுபோனபோது, இரு நாட்டு மந்திரிகளும் பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போயிருந்தார்கள். அன்று மாலையே முதல் குண்டு விழுந்தது. பிறகு ஒன்பது நாடுகள் சண்டையில் சேர்ந்துகொண்டன. காபி பத்து நிமிடம் முந்தியிருந்தால் என்று அவள் நினைத்துக்கொள்வதுண்டு. யாரிடமும் சொன்னதில்லை. அவள் மகன் பரணி சிப்பாயாக வடக்கு எல்லையில் இருக்கிறான்.

இன்று அதே இருவர் மறுபடி பேச வந்திருந்தார்கள். காலையிலிருந்து உள்ளே ஒரே சத்தம். வாசலில் ஓட்டுநர்கள் கார்களைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார்கள்.

கொதிக்கக் கொதிக்க இரண்டு டம்ளர் காபியையும் ஒரே ஒரு டவராவையும் தட்டில் வைத்து அவள் எடுத்துவந்தாள்.

"என்னக்கா, ரெண்டு மந்திரிக்கு ஒரு டவராவா? வேலை போயிடும்" என்றான் காவலன் சேவியர்.

"போனாப் போவுது. நீ கதவத் திற."

வைத்துவிட்டு வந்து கதவுக்கு வெளியே நின்றாள். டம்ளரைத் தொட்டு யாரோ "ஸ்" என்றார்கள். பிறகு காபியை ஆற்றும் ஓசை கேட்டது. "இத நீங்க குடிங்க. அத நான் ஆத்திக்கிறேன்" என்றது ஒரு குரல்.

கதவு திறந்தது. ஆவி படிந்த கண்ணாடியைத் துடைத்தபடி ஒரு மந்திரி நின்றார்.

"இன்னும் ரெண்டு காபி கிடைக்குமாம்மா?"

"பால் காயணுங்க ஐயா."

"காயட்டும். இருக்கோம்."

சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் ஏற்றினாள். தீயைக் குறைத்து வைத்தாள்.