எண்ணெய் குடிக்கும் தரை

பின்கதவடியிலிருந்து பூசத் தொடங்கினாள்.

அப்படித் தொடங்கக் கூடாது. உள்ளே தொடங்கிக் கதவடியில் முடிக்க வேண்டும். அப்போதுதான் பூசியவர் வெளியே போகலாம். எண்ணெய்த் தகரத்தின் முதுகிலும் அதைத்தான் எழுதியிருந்தார்கள்.

அவள் வெளியே போகப்போவதில்லை.

சக்கர நாற்காலியைச் சமையலறையின் உள்மூலையில், பிரிட்ஜோடு சேர்த்து நிறுத்திச் சில்லுகளைப் பூட்டியிருந்தாள். கைகளை ஊன்றித் தரைக்கு இறங்கி, அரக்கி அரக்கிக் கதவடிக்கு வந்து சேர்ந்திருந்தாள். கால்கள் பின்னால் இழுபட்டு வந்தன.

துணியைத் தோய்த்துத் தேய்த்தாள்.

பலகை குடித்தது.

வெள்ளிக்கிழமை அண்ணா அனுப்பிய ஆட்கள் பழைய பூச்சையெல்லாம் மெஷினால் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஓக் பலகைகள் தோலுரித்ததுபோல வெளிறிக் கிடந்தன. திங்கட்கிழமை வந்து வார்னிஷ் அடிப்பார்கள்.

"கண்ணாடி மாதிரி மினுங்கும். நாளைக்கு வீட்டை விக்கேக்கையும் நல்லது," என்றிருந்தான் அண்ணா.

விபத்து நட்டஈட்டில் அவளே வாங்கிய வீடு. விற்கப்போவதாக அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வார்னிஷ் நெடி பொல்லாதது. காயும்வரை உள்ளே ஆள் இருக்கக் கூடாது. ஒரு கிழமை அம்மா வீட்டில் நிற்கட்டும் என்று அம்மாவும் அண்ணாவுமே பேசி முடித்துவிட்டார்கள்.

ஒரு கிழமை.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்குப் போனதும் இரண்டு கிழமைக்கென்றுதான். மூன்று வருஷம் இருந்தாள். தேத்தண்ணி கட்டிலுக்கு வந்தது. சோறு குழைத்து வந்தது. குளிக்கும்போது கதவு திறந்தே கிடந்தது. அம்மா அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஸ்காபரோவின் இந்தச் சின்ன வீட்டுக்குத் தனியே வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூடக் கழியவில்லை.

நேற்றுக் காலை பஸ் எடுத்துக் கடைக்குப் போனாள்.

அங்கிருந்த பெண் முதலில் வார்னிஷைத்தான் காட்டினாள். பல வருஷத்துக்குக் கவலையில்லை. ஆனால் ஆழமாகக் கீறல் விழுந்தால் முழுத் தரையையும் சுரண்ட வேண்டும். எண்ணெய் மினுங்காது. கறை பிடிக்கும். வருஷம்தோறும் பூச வேண்டும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் துணியால் தேய்த்துவிட்டால் போதும். எண்ணெய் குடித்த பலகையில் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

யார் தேய்ப்பது என்று கேட்டபோது அந்தப் பெண்ணின் கண் நாற்காலியின் சில்லுகளில் இருந்தது.

பூசும்போது வீட்டிலேயே இருக்கலாமா என்று மட்டும் இவள் கேட்டாள்.

ஜன்னலைத் திறந்துவைத்தால் இருக்கலாம்.

மூன்று எண்ணெய்களைப் பலகைத் துண்டொன்றில் தொட்டுக் காட்டினார்கள். ஒன்று வெளிறியது. ஒன்று பூசியதே தெரியவில்லை. ஆளிவிதை எண்ணெய் பட்ட இடம் பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வந்தது. மரத்தின் ரேகையெல்லாம் எழுந்து நின்றது.

அந்தத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாதித் தரை முடிந்தபோது பின்கதவுப் பூட்டில் திறப்புச் சத்தம் கேட்டது.

அம்மா. கையில் வெறும் பயணப் பை. உடுப்பு அடுக்கிக்கொண்டு போவதற்கு.

தரையில் கிடந்தவளைக் கண்டதும் பை நழுவி விழுந்தது.

"ஐயோ பிள்ளை, விழுந்திட்டியே!"

"விழேல்லை அம்மா. இறங்கினனான்."

அம்மா ஒரு காலைத் தூக்கினார்.

"மிதிக்காதேங்கோ. ஈரம்."

கால் அந்தரத்தில் நின்றது. பிறகு திரும்பிப் போனது.

"அப்ப முன்பக்கத்தாலை வாறன்."

"முன்கதவுக்குக் கொண்டி போட்டிருக்கு."

திறந்த கதவால் குளிர்காற்று வந்தது. அம்மா கோட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"எப்பிடி எழும்புவாய்? ஆர் தூக்கிறது?"

அவள் அடுத்த பலகைக்கு அரக்கினாள். பூசினாள். பலகை குடித்தது போக மிஞ்சியதைத் துடைத்தெடுத்தாள். அவசரப்படவில்லை. நின்று நின்று கால் உளைந்தால் அம்மா போய்விடுவார் என்று நினைத்தாள்.

போகவில்லை.

கடைசியில் நாற்காலியடிக்கு வந்தாள். அதற்குக் கீழே இருந்த இடத்தை நாளைக்கென்று விட்டாள். எண்ணெய்த் துணியைத் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினாள். சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள்.

எழும்புவதுதான் பாக்கி.

ஒரு கை இருக்கையில். மறு கை தரையில். உந்தினாள்.

எண்ணெய்க் கை வழுக்கியது. தோள் போய்ச் சுவரில் அடித்தது.

அம்மா இரண்டு கைகளாலும் கதவு நிலையைப் பிடித்தார்.

கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தாள். மறுபடி உந்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. இடுப்பு இருக்கையின் விளிம்புவரை ஏறி, ஒரு கணம் எந்தப் பக்கம் சரிவதென்று தெரியாமல் நின்று, உள்ளே விழுந்தது.

கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மிதியில் வைத்தாள்.

மூச்சு வாங்கியது. அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வரும். அழுதால் சமாதானம் வரும். சமாதானம் வந்தால் பையில் உடுப்பு ஏறிவிடும்.

வாசலில் அம்மா போன் எடுப்பது கேட்டது.

"வாகீசன், நாளைக்கு அந்த வார்னிஷ்காரரை வரவேண்டாமெண்டு சொல்லு."

போனுக்குள் அண்ணா என்னவோ கத்தினான்.

"இல்லை. அவள் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் அம்மா. "நான் சொல்லுறன்."