வடக்கு அறைச் சீமாட்டி

"வடக்கு அறையில ஒண்ணும் இல்ல அத்தை. வாங்க, தோட்டத்துக்கே போயிடலாம்" என்றார் மாப்பிள்ளை.

"அந்த ரோஜாவையே எத்தனை தடவைதான் பாக்கிறது? டிக்கெட் வாங்கினது இதுக்கும் சேர்த்துதானே?" மாமியார் முன்னால் நடந்தாள்.

மனைவி அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். "என்னங்க, இப்படிச் சில்லுனு இருக்கு? பழைய மாளிகைன்னா பேய் கீய் இருக்கும்னு பயமா?"

"பேயா இருந்தா பரவாயில்லையே" என்று முனகினார்.

அறையில் ஆளுயரத்துக்கு ஒரே ஓவியம். வழிகாட்டி குரலைத் தாழ்த்தினார். "இந்த மாளிகையோட எஜமானி. மூணு மருமகன்களுக்குத் தன் கையாலயே விஷம் வெச்சவங்க."

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை நெருங்கினாள். மாப்பிள்ளை ஓரடி பின்வாங்கினார்.

"எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்கே."

வாசல் எத்தனை எட்டில் இருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டார்.

மாமியார் மெல்லத் திரும்பினாள். "அச்சு அசல் உங்கம்மாதான் மாப்பிள்ளை. அதே முழி, அதே திமிரு."

"ஆமாங்க அத்தை" என்று பெற்ற தாயைக் காட்டிக்கொடுத்த பிறகுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பெண்கள் இருவரும் வெளியே போனதும் வழிகாட்டி அவர் காதருகே குனிந்தார்.

"சார், ஈரத்துல அழிஞ்சுபோன இந்த முகத்தைப் போன மாசம் நீங்கதானே புதுசா வரைஞ்சு கொடுத்தீங்க? யாரை மனசுல வெச்சு வரைஞ்சீங்கன்னு எவ்வளவு கேட்டும் சொல்லல. இன்னைக்குக் கூட்டிட்டே வந்துட்டீங்க."