மார்க் கட்டம்

"இது எந்தப் பையனோட கையெழுத்துன்னு கேக்கறேன். வாயைத் திற!"

தலைமையாசிரியர் பிரபாகர் தாள்களை மேசைமேல் வீசினார். மொத்தம் பத்துத் தாள்கள். பத்தாம் வகுப்பு இலக்கியாவின் பெட்டியில், துவைத்த துணிகளுக்கு அடியிலிருந்து விடுதி வார்டன் கண்டெடுத்துக் கொண்டுவந்தவை.

இலக்கியா வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவள் அப்பா வேலுசாமியும் திறக்கவில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த மனிதரை, உடனே வாருங்கள் என்று போன் போட்டு வரவழைத்திருந்தார்கள். நெருப்புப் பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டையோடு அப்படியே வந்துவிட்டார்.

"நீங்களே பாருங்க சார். கேள்வியெல்லாம் உங்க பொண்ணு எழுதினது. பதில் வேற எவனோ எழுதினது. அதை இவ சிவப்புப் பேனாவுல திருத்தி, கீழே அவன் போட்டு வெச்ச கட்டத்துக்குள்ள மார்க் வேற போட்டிருக்கா. கடைசித் தாளைப் படிங்க. 'சபாஷ், அடுத்த வாட்டி இன்னும் நல்லா எழுதணும்'னு பாராட்டு! பையனும் பொண்ணும் பேசினாலே இங்க டி.சி.தான். தெரியுமில்ல?"

"தெரியுங்க சார்," என்றார் வேலுசாமி, தரையைப் பார்த்தபடி. மேசைமேல் கிடந்த தாள்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. இப்படியொரு நாள் வரும் என்று யார் கண்டது? மானம் போகிறதே என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நீங்க சொன்னதைத்தானுங்க சார் செஞ்சேன்," என்றாள் இலக்கியா மெல்ல.

"நானா? நான் என்ன சொன்னேன்?"

"பிரேயர்ல சொன்னீங்களே சார். சும்மா திரும்பத் திரும்ப வாசிச்சாப் பத்தாது. புத்தகத்தை மூடி வெச்சுட்டு, ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்குப் பாடத்தைச் சொல்லிக் குடுங்க, கேள்வி எழுதிக் குடுத்துப் பதில் வாங்குங்கன்னீங்க. அவங்க எந்த எடத்துல முழிக்கிறாங்களோ, அந்த எடம் உங்களுக்கே சரியாப் புரியலைன்னு அர்த்தம்னீங்க. அப்படிப் படிச்சுத்தானுங்க அறிவியல்ல நாப்பத்தஞ்சுல இருந்து எம்பத்தெட்டுக்கு வந்தேன்."

சொன்னது பிரபாகர்தான். யாராவது அதைக் காதில் வாங்கிக்கொள்வார்கள் என்றுதான் அவர் எதிர்பார்க்கவில்லை.

"சரிம்மா. யாருக்குச் சொல்லிக் குடுத்தே? அந்தப் பேரைச் சொல்லு. விட்டுடறேன்."

இலக்கியா ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். வேலுசாமி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அவள் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு அழுத்தம்னு?" பிரபாகர் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். "சேர்க்கைப் படிவத்துல தகப்பனார் படிப்பு பி.காம்.னு போட்டிருக்கீங்க. படிச்ச குடும்பம்னு நம்பித்தான் சீட்டு குடுத்தோம். படிச்ச மனுஷன் பொண்ணை இப்படியா வளர்க்கறது?"

பி.காம். என்பது சுத்தப் பொய். அட்மிஷன் வரிசையில் முன்னால் நின்ற ஆள், 'பெத்தவங்க படிக்கலைன்னா படிவத்தை ஓரமா வெச்சுருவாங்க' என்று கிளப்பிவிட்ட பயத்தில் எழுதியது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் வேலுசாமி. அது வெளியே வந்தால் மகளின் சீட்டே போய்விடும்.

"ரெண்டு மாசத்துல பொதுத்தேர்வு. அதனால டி.சி. குடுக்கலை. ஆனா விடுதியில இனி இவளுக்கு இடமில்லை. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துட்டு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க." வெள்ளைத் தாளும் பேனாவும் வேலுசாமியின் முன்னால் வந்தன. "உங்க கையாலேயே எழுதுங்க."

"நான் எழுதறேனுங்க சார்!" இலக்கியா பதறிப்போய் முன்னால் வந்தாள். "அப்பாவுக்குக் கையில வெல்டிங் சூடு பட்டிருக்குதுங்க. பேனா புடிக்க முடியாதுங்க."

அவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை. மகள் பொய் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. எவனோ ஒரு பையனோடு தன்னைச் சேர்த்துப் பேசியபோதுகூட வாய் திறக்காத பிள்ளை, இப்போது அவருக்காகப் பொய் சொல்கிறது. இத்தனை நேரம் மரம் மாதிரி நின்று அவளைத் திட்டு வாங்க விட்டோமே என்று நினைத்தபோது வேலுசாமிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நீ தள்ளு கண்ணு. நானே எழுதிக் குடுக்கறேன்."

"வேண்டாம்ப்பா..."

அவர் கேட்கவில்லை. மேசை விளிம்பில் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி எழுதினார். நாலே வரி. அதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பிரபாகர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். இலக்கியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஒரு வழியாகத் தாள் கைக்கு வந்ததும் பிரபாகர் படித்தார்.

'ஐயா, பி.காம். என்று எழுதியது பொய். நான் ஏழாவதுதான் படித்தேன். பத்தாவதாவது பாஸ் பண்ணலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் அவளிடம் பாடம் கேட்டேன். நீங்கள் தேடும் பையன் நான்தான்.'

பிரபாகர் அந்தப் பத்துத் தாள்களையும் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தார். அதே கோணல் கையெழுத்துதான். மன்னிப்புக் கடிதத்தின் அடியிலும், பழக்க தோஷத்தில், மார்க் போடுவதற்கு ஒரு கட்டம் போட்டிருந்தார் வேலுசாமி.