விரிசலும் கண்ணாடித் துண்டும்

வெளிச்சுவரில் ஓடிய விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டுப் போனார் கொத்தனார்.

"நான் வளர்றதை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. மேலாகப் பூசி பெயிண்ட் அடிச்சா போதும். நீ எதுக்கு இங்கே?" என்றது விரிசல்.

"சும்மா ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்," என்றது கண்ணாடி.

விரிசல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. மூன்றாவது வாரம் பெருமழை பெய்து மண் இளகியது. விரிசலால் அதற்குமேல் அடக்க முடியவில்லை; ஒரு மயிரிழை அகலம் விரிந்துவிட்டது. கண்ணாடி பட்டென்று இரண்டாக உடைந்தது.

"என்கிட்ட மோதினா இதுதான் கதி!" என்று கொக்கரித்தது விரிசல்.

காலையில் வந்த கொத்தனார் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கடப்பாரையால் அஸ்திவாரத்தைத் தோண்டத் தொடங்கினார்.

விரிசல் பதறியது. "ஐயோ, இவர்கிட்ட யார் சொன்னது?"

"நீதான்," என்றது கண்ணாடி.