பொய் சொல்லாத சிவப்பு

"நல்ல ரத்தம் எப்படிம்மா சிவப்பா ஒளிரும்?" பேராசிரியர் எரிந்து விழுந்தார்.

புற ஊதா விளக்கின் கீழே இரண்டு குழாய்களும் தணலாய்ச் சிவந்திருந்தன. அவர் உருவாக்கிய உலோகச் சேர்மம் புற்றுநோய்ப் புரதத்தில் மட்டும்தான் ஒட்டிக்கொண்டு ஒளிரும். நோயாளியின் குழாய் ஒளிர்ந்தது சரி. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஆரோக்கியமானவரின் ரத்தம் இருண்டு கிடக்க வேண்டாமா?

"சரியாக் கழுவியிருக்க மாட்டே. ஒட்டாததெல்லாம் அப்படியே தங்கியிருக்கு."

"மூணு தடவை புதுசா செஞ்சுட்டேன் சார்," என்றாள் ஆய்வு மாணவி. தயங்கிவிட்டுக் கேட்டாள்: "நம்ம சேர்மம் தப்பாக் காட்ட வாய்ப்பே இல்லையா சார்?"

அவருக்குச் சுருக்கென்றது. "என் ஆயுசுல பாதியை அதுக்குக் கொடுத்திருக்கேன். கடுகளவு நோய் இருந்தாலும் காட்டிக் கொடுத்துரும். பொய் மட்டும் சொல்லாது! நாளைக்குப் பெரிய மனுஷங்க பார்க்க வர்ற நேரத்துல என் மானத்தை வாங்காதே. அந்த ரத்தத்தைக் கொட்டிட்டு வேற ஆளைப் பிடி. யாரோடது அது?"

அவள் வெள்ளை அங்கியின் கையை மெல்லச் சுருட்டினாள். முழங்கையின் உள்பக்கம் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வெளியாளைத் தேடி அலையாதே, நீயே கல்லுக்குண்டாட்டம் இருக்கே, உன்னோடதையே எடுத்துக்கோன்னு நேத்து நீங்கதான் சார் சொன்னீங்க."

பேராசிரியர் விளக்கை அணைத்தார். தன் நாற்காலியை அவளிடம் நகர்த்தினார்.

"உட்காரும்மா. அது தப்பாக் காட்டும்," என்றார். "நிறையத் தடவை காட்டியிருக்கு."