இருபத்தாறு பக்கம்

"கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலைப் பெறுவது கடன் பெற்றவரின் உரிமை" என்று எழுதியிருந்த பலகைக்குக் கீழே மூன்றாவது முறையாக வந்து உட்கார்ந்தாள் செவ்வந்தி. கணவன் அழகுராசா செத்து நாற்பது நாள் ஆகிறது. அவன் லோடு வண்டிக்கு வாங்கிய கடனில் அவளும் கையெழுத்துப் போட்டிருப்பதாக நோட்டீஸ் வந்திருந்தது. அவளோ அதற்கு முன் கடன் கொடுத்த இந்த அலுவலகத்துப் படியைக்கூட மிதித்ததில்லை.

இன்றைக்கு ஒருவழியாக அதிகாரி நகலைக் கொடுத்தார். இருபத்தாறு பக்கம். ஒவ்வொன்றின் அடியிலும் அவன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர். மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் சின்னச் சின்ன வட்டமாக இருந்தது. அப்படிப் போடுகிற ஆள் அவள் வீட்டில் அவன் ஒருவன்தான்.

"உங்க கையெழுத்து இல்லேன்னா எழுதிக் குடுத்துருங்கம்மா. கடன் உங்க மேல வராது," என்றார் அதிகாரி.

கூட வாழ்ந்த இருபத்திரண்டு வருஷமும் அவளை "இந்தா" என்றுதான் கூப்பிட்டான். பெயர் சொன்னதே இல்லை. செவ்வந்தி, செவ்வந்தி, செவ்வந்தி என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே கடைசிப் பக்கம் வரை போனாள்.

"நான் போட்டதுதான் சார்."

தாள்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"இதத் திருப்பித் தர வேண்டாம்ல?"