சூடு படாத இடம்

"இன்னிக்கும் வழியில நின்னுடுச்சு" என்றபடி லாரியிலிருந்து இறங்கினார் டிரைவர்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. இன்ஜின் சூட்டில் அடிக்கடி மயங்கிப்போய் வண்டியை நிறுத்திய கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் சூடு அண்டாத இடமாகப் பார்த்துப் பொருத்தியவர் அவர்தான். அதுவும் போன வாரம்தான்.

"எப்ப நிக்குது?"

"காலையில வீட்டைவிட்டுக் கிளம்பின அரை மணி நேரத்துல. கொஞ்சம் ஆறினா தானா ஓடுது."

"என் வேலையில குறை இருக்காது. இது ஓட்டுறவங்க கைவரிசை."

சீட்டை மடக்கிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பெட்டியோடு ஒட்டி உறவாடிக்கொண்டு நின்றது நாலடுக்குச் சாப்பாட்டு கேரியர். தொட்டவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எந்த அறிவாளி இதை இங்க வச்சது?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "உங்க பொண்ணுதான் மாமா. 'எங்கப்பா செஞ்ச இடம், ஆடாம அசையாம இருக்கும்'னு தினமும் அவளே ஏறி வச்சுட்டுப் போறா."

மெக்கானிக் சற்று யோசித்தார்.

"சரி மாப்பிள்ளை, வேற இடத்துக்கு மாத்திடலாம்."

"கேரியரையா மாமா?"

"கம்ப்யூட்டரைத்தான். கேரியரை மாத்தணும்னா அவகிட்ட யார் போய்ச் சொல்றது, நீங்களா நானா?"

மாப்பிள்ளை ஓடிப்போய் ஸ்பானர் எடுத்து வந்தார்.